நஞ்சுக்கொடிக்குக் காவல் யார்?

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லாம் கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. எல்லாமே ஈயம் பற்றியவை. ஈயம் என்று நான் சொல்வது பேட்டரிக்குள் இருக்கும் கனத்த காரீயத்தைத்தான்.

அக்கா, தாய் உடம்பில் போகும் கெட்டதையெல்லாம் நஞ்சுக்கொடி வடிகட்டிவிடும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் என் மாமியார். ஈயத்தையும் வடிகட்டுமா?
– ஆறு மாதக் கர்ப்பிணி, ரிங்லட்

வடிகட்டாது, தங்கச்சி. மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சிகரெட் புகையில் வரும் காட்மியத்தை நஞ்சுக்கொடி பெரும்பாலும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய கடல் மீன்களில் சேரும் பாதரசமோ தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பிள்ளையின் இரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்துவிடும். ஈயத்துக்கு அங்கே தடையே இல்லை. மூன்றாம் மாத முடிவிலிருந்து பிரசவம் வரை கடந்துகொண்டே இருக்கும். தாயின் இரத்தத்தில் உள்ள அளவில் ஏறக்குறைய 80 முதல் 90 சதவீதம் தொப்புள்கொடி இரத்தத்திலும் காணப்படுகிறது. தாய்க்கு எவ்வளவோ, ஏறக்குறைய பிள்ளைக்கும் அவ்வளவு.

கடந்து போகிறது சரி. போகிற வழியில் நஞ்சுக்கொடியையே கெடுக்குமா?
– தாதியர் பயிற்சி மாணவி, தானா ராத்தா

கெடுக்கும். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் பிள்ளையின் மூளையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நஞ்சுக்கொடியைப் பற்றிப் பேசுவதில்லை.

பிரசவத்தின்போது அரைக் கிலோ எடை இருக்கும் உறுப்பு அது. அதற்குள் இருக்கும் நுண்ணிய விரல் போன்ற குருத்துகளை விரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும். அந்தப் பரப்பில்தான் தாயின் இரத்தத்திலிருந்து உயிர்வளியும் உணவும் பிள்ளைக்கு மாறுகின்றன. பிறக்கும்போது குழந்தையின் எலும்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வழியாக ஏற்றப்படுவது. அதற்கென்றே அங்கே பம்புகள் போல வேலை செய்யும் புரதங்கள் உள்ளன. ஈயத்தின் தந்திரம் இங்கேதான். உடம்பு அதைக் கால்சியம் என்றே எண்ணி உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் கால்சியம் ஒட்ட வேண்டிய இடங்களில் ஒட்டிக்கொண்டு அந்தப் பம்புகளைத் தடுக்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் உறுப்புகளைச் சோர்வாக்குகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. குழாய் இறுகினால் பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும், தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறும்.

இதன் விளைவாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுபவை நான்கு: கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை, கர்ப்பகால இரத்த அழுத்தம். மெக்சிகோ நகரில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் கூடும் ஒவ்வொரு படிக்கும் கருச்சிதைவின் வாய்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு ஆனது என்று அது கண்டது. ஆஸ்திரேலியாவில் ஈயம் உருக்கும் ஊரான போர்ட் பிரி கர்ப்பிணிகளிடம் ஈயம் கூடக் கூடக் குறைமாதப் பிரசவமும் கூடியது. கொசோவோவில் மித்ரோவிட்சா என்ற உருக்காலை ஊரில் நடந்த ஆய்வில் பிறப்பு எடையில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எடை விஷயத்தில் விவாதம் இருக்கலாம். மூளை விஷயத்தில் விவாதம் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எனக்கு மயக்கம், வயிற்றுவலி எதுவும் இல்லை. அப்படியென்றால் ஈயம் இல்லைதானே?
– பிரிஞ்சாங்

அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளையைப் பாதிக்கும் அளவு தாய்க்கு எந்த அறிகுறியும் காட்டாது. நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் சோதித்தால் மட்டுமே தெரியும்.

நாங்கள் மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். தேயிலையிலேயே ஈயம் உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மனைவி தேத்தண்ணி குடிக்கலாமா?
– ஹாபு

ஹாபு பக்கம் 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து அந்தச் சரிவுகளைத் திருத்தியது நம் ஆட்களின் கை. உங்களுக்குத் தெரியாததா, தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் உலோகங்கள் வேருக்கு எளிதாகக் கிடைக்கும். சாலையோரத் தூசியும் இலையில் படியும். எனவே தேயிலையில் சிறிது ஈயம் இருப்பது உண்மை. அதனால்தான் நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. கிலோவுக்கு இந்தியாவில் 10 மில்லிகிராம், சீனாவில் 5 மில்லிகிராம்.

ஆனால் நாம் இலையைத் தின்பதில்லை. ஈயத்தில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். சிறு பங்குதான் தண்ணீரில் இறங்கும். அங்கீகாரம் பெற்ற தேயிலையில் நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை குடிக்கும் கர்ப்பிணி ஈயத்துக்காகப் பயப்பட வேண்டாம். தேத்தண்ணியில் நான் பயப்படும் விஷயம் வேறு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சோறு சாப்பிட்டவுடன் தே-ஓ குடிக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– நான்கு மாதம், கம்போங் ராஜா

உண்டு, நேரடித் தொடர்பு. 1975இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் குடித்தபோது உணவிலிருந்த இரும்பை உடல் எடுத்துக்கொள்வது பெரிதும் குறைந்தது. தேயிலையின் துவர்ப்புதான் இரும்பைக் கட்டிப்போடுகிறது.

இப்போது ஈயத்துக்கு வாருங்கள். குடலில் இரும்பை உள்ளே எடுக்கும் அதே வாயில் வழியாகத்தான் ஈயமும் நுழைகிறது. இரும்பு குறைந்தால் உடம்பு அந்த வாயிலை இன்னும் அகலத் திறக்கும். வருவது இரும்பா ஈயமா என்று பார்க்காது. அதனால் இரத்தசோகை உள்ள கர்ப்பிணியும் இல்லாதவளும் ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், இரத்தசோகை உள்ளவள் உடம்பில்தான் அதிகம் சேரும்.

தேத்தண்ணியை விட வேண்டாம். சாப்பாட்டிலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்கவே கூடாது. கொய்யாத்துண்டோ எலுமிச்சைச் சாறோ பக்கத்தில் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மசக்கையில் என் தங்கை அடுப்புச் சாம்பலும் மண்கட்டியும் தின்கிறாள். திட்டியும் கேட்கவில்லை.
– கோலா தெர்லா

திட்டாதீர்கள். மண் தின்னும் ஆசை பல நேரம் இரும்புக் குறைவின் அடையாளம். கிளினிக்குக் கூட்டிப்போய் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மண்ணை நிறுத்த வேண்டும். வங்காளதேசத்தில் கர்ப்பிணிகள் தின்னும் ‘சிகோர்’ என்ற சுட்ட மண் வில்லைகள் இங்கிலாந்துக் கடைகளில் விற்றன. அவற்றைச் சோதித்தபோது ஈயமும் ஆர்சனிக்கும் காட்மியமும் இருந்தன. இரும்பு இல்லாத உடம்பு மண்ணைக் கேட்கிறது, மண்ணில் ஈயம் வருகிறது, அந்த உடம்பே ஈயத்தை அதிகம் உறிஞ்சுகிறது. இந்தச் சுற்றை அறுக்க இரும்புச் சத்தால் முடியும்.

எங்கள் வரிசை வீட்டில் பக்கத்தில் வங்காளதேசத் தொழிலாளர்கள். ஊருக்குப் போய் வரும்போது மஞ்சள்தூள் கொண்டுவந்து அன்பாகத் தருகிறார்கள். வாங்கலாமா?
– புளூ வேலி

அன்பை வாங்குங்கள், அந்த மஞ்சளின் கதையையும் கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் அதில் முதலில் பாதிக்கப்பட்டவர்கள்.

வங்காளதேசக் கிராமங்களில் தொழிற்சாலையே இல்லாத இடத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 100 மில்லி இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல். எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சித்தும் வங்காளதேச ஆய்வாளர்களும் மண், தண்ணீர், அரிசி, டப்பா என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போய்க் கடைசியில் மஞ்சளில் பிடித்தார்கள். மங்கிப்போன மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற, லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 1980களில் வெள்ளத்தில் கிழங்கு சரியாகக் காயாமல் நிறம் மங்கியபோது தொடங்கிய பழக்கம் அது. மஞ்சளில் இருந்த ஈயமும் பெண்களின் இரத்தத்தில் இருந்த ஈயமும் ஒரே அச்சு என்பது 2019இல் உறுதியானது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தையில் இறங்கியது. டாக்கா மொத்தச் சந்தையில் அங்கேயே நீதிமன்றம் வைத்து வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. அறிவிப்புகளை ஒட்டியது. 2019இல் சோதித்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடம்!

நம் இந்தியப் பக்கம் சுத்தம் என்று இருந்துவிட வேண்டாம். பின்னர் தெற்காசிய நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்தபோது பீகாரின் பாட்னாவில் மிக அதிக அளவு ஈயம் கண்டார்கள். எந்த நாட்டுச் சரக்கானாலும் பெயரும் உற்பத்தியாளர் முகவரியும் இல்லாத பொட்டலத்தைக் கர்ப்பிணி வீட்டில் தவிர்க்கலாம். முழு மஞ்சள் வாங்கி அரைப்பவர்கள் கண்ணைப் பறிக்கும் பளபளப்பான கிழங்கை விட்டுவிட்டு மங்கலானதைப் பொறுக்குங்கள். பூச்சு கிழங்கின் மேல்தான் ஏற்றப்படுகிறது.

பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் தனி மணம். கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா?
– தானா ராத்தா

கொடுக்காதீர்கள். உண்மையான ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம், அதில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் காரீயம் மலிவு. கலந்து வார்த்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைத்தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுவதும், அளவுக்கு மீறிக் கனப்பதும் சந்தேகத்துக்கு உரியவை. கோடு விழாததால் சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது ஈயம் நன்றாகக் கரையும். பிள்ளை பிறந்து பால் மறக்கும் வரை எவர்சில்வர் போதும்.

குங்குமம்?
– சுங்கை பலாஸ்

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்தது நல்லது. பளீரென்ற செந்தூரத்தில் கவனம் தேவை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. பத்தில் எட்டு அளவில் ஈயம் தென்பட்டது. சில பொட்டலங்களில் மிக மிக அதிகம். வகிட்டில் இட்ட கையோடு சோறு பிசையாதீர்கள். பிறந்த குழந்தைக்குச் சுர்மா தீட்டவே வேண்டாம். அதில் பாதிக்கு மேல் ஈயத் தாதுவே இருந்த பொருள்கள் உண்டு.

திருமணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறேன். கரு நிலைக்க என்று ஊரிலிருந்து பற்பமும் மாத்திரையும் அனுப்பியிருக்கிறார்கள். இயற்கை மருந்துதானே?
– பெயர் வேண்டாம்

உங்கள் ஏழு வருடக் காத்திருப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: விழுங்காதீர்கள். 2011–2012இல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சேற்றம் கண்டார்கள். எல்லாரும் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள். அவர்கள் இரத்தத்தில் 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை இருந்தது. மூலிகைக் கஷாயத்தையும் உலோகம் புடமிட்ட பற்பத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் எத்தனை நாள் என்று சொல்லி இரத்தச் சோதனை கேளுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குற்றம் அவர்களுடையது.

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி இந்தக் குளிர்மலைக்கு வந்துவிட்டேன். இங்கே உருக்காலை இல்லை, நெரிசல் இல்லை. எனக்கு இனி ஈயக் கவலை இல்லைதானே?
– திரிங்காப்

கவலை வேண்டாம், கவனம் வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டுவரை ஓடியது. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுள்ள 756 குழந்தைகளைச் சோதித்த ஆய்வு 2009இல் வந்தது. சராசரி 11 மைக்ரோகிராமுக்கு மேல். சிறு வயதில் மூச்சிலும் தூசியிலும் வந்த ஈயத்தில் ஒரு பங்கு எலும்பில் குடியேறிவிடும். இரத்தத்தில் அதன் அளவு மாதக் கணக்கில் பாதியாகும். எலும்பிலோ பத்து, இருபது வருடங்கள் தங்கும்.

கர்ப்பத்தில் பிள்ளைக்குக் கால்சியம் போதாவிட்டால் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும். கூடவே அந்தப் பழைய ஈயமும் இறங்கிவரும். ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெண்களை வைத்து பிரையன் கல்சன் இதைக் காட்டினார். ஒவ்வொரு நாட்டு ஈயத்துக்கும் தனித்த ஐசோடோப்பு அடையாளம் உண்டு. புது நாட்டில் கர்ப்பமான பெண்களின் இரத்தத்தில் பழைய நாட்டின் ஈயம் ஏறியது.

வழி இருக்கிறது. மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது இரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு, தயிர், முருங்கைக்கீரை இவற்றை ஒதுக்காதீர்கள். மாத்திரை எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே வேளையில் வேண்டாம்.

உங்கள் வீட்டில் சின்னப் பெண் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பதில் அவர்களுக்கும்தான். அவர்களின் நஞ்சுக்கொடியை இன்றைக்கே காக்க வேண்டும்.

என் கணவர் லாரி பேட்டரி பழுது பார்க்கிறார். நான் பட்டறைப் பக்கமே போவதில்லை.
– ரிங்லட்

பட்டறை உங்களிடம் வருகிறது, அவர் சட்டையில். வேலை உடுப்பை அங்கேயே மாற்றி, கைகால் கழுவிக் குளித்து வரச் சொல்லுங்கள். அந்தத் துணியை நீங்கள் உதறித் துவைக்க வேண்டாம், தனியாக அவரே துவைக்கட்டும். மீன்பிடிக்க வீட்டு அடுப்பில் ஈயக்குண்டு உருக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

வளைகாப்புக்கு முன் பழைய லயத்து வீட்டைச் சுரண்டிப் புதுச் சாயம் அடிக்கப் போகிறோம்.
– ஹாபு

கர்ப்பிணி வீட்டில் இருக்கும்போது சுரண்டாதீர்கள். பழைய எண்ணெய்ச் சாயத்தின் தூசி ஈயத்தின் தூசியாக இருக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் கடையில் விற்ற புதுச் சாயங்களிலேயே அளவு மீறிய ஈயம் இருந்தது. டப்பாவில் ‘ஈயம் சேர்க்காதது’ என்று இருப்பதை வாங்குங்கள். சுரண்டியே ஆக வேண்டுமென்றால் ஈரம் செய்து சுரண்டி, ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணி அதுவரை தாய்வீட்டில் இருக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியை நாங்கள் புதைப்போம். புதைக்கும் முன் அதில் ஈயம் சோதிக்கலாமா?
– பாட்டி, கம்போங் ராஜா

வழக்கப்படி புதையுங்கள், பாட்டி. நஞ்சுக்கொடியில் ஈயம் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. ஒரு துண்டில் ஒன்று, மற்றொரு துண்டில் வேறு என்று வரும். அது ஆய்வாளருக்குப் பயன்படும், உங்கள் பேரப் பிள்ளைக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் தாயின் இரத்தமோ தொப்புள்கொடி இரத்தமோ போதும்.

சோதனையில் ஈயம் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா?
– தானா ராத்தா

கொடுக்கலாம். இரத்தத்தில் உள்ளதில் மிகச் சிறு பங்கே பாலுக்குப் போகும். தாயின் அளவு 40 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கும்படியே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மருத்துவர் வழி சொல்வார்.

எல்லாவற்றையும் கர்ப்பிணியே பார்த்துக்கொள்ள வேண்டுமா? முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு வேலையும் இல்லையா?
– தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர், பிரிஞ்சாங்

சரியான கேள்வி, ஐயா. பெண்களையும் சிறுவர்களையும் ஈய நஞ்சிலிருந்து காக்க வேண்டும் என்று அனைத்துலகத் தொழில் நிறுவனம் தன் முதல் ஆண்டான 1919லேயே பரிந்துரை எழுதியது. மலேசியாவிலும் தொழிற்சாலைகளில் ஈயத்தோடு வேலை செய்பவர்களுக்கென 1984இல் விதிகள் வந்தன. தொழிற்சாலைக்கு விதி உண்டு. சமையலறைக்கும் மருந்துப் பொட்டலத்துக்கும்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

கர்ப்பிணிக்கு கிளினிக்கில் ஹீமோகுளோபின், இரத்த வகை, சிபிலிஸ், எச்.ஐ.வி. எல்லாம் பார்க்கிறார்கள். ஈயம் வழக்கமான பட்டியலில் இல்லை. எல்லாருக்கும் இரத்தச் சோதனை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. நியூயார்க்கின் ஆறு பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்த மாநிலச் சட்டப்படி கர்ப்பிணியைப் பார்க்கும் ஒவ்வொருவரும் ஈய ஆபத்து உண்டா என்று விசாரிக்க வேண்டும். விசாரித்ததால்தான் அவர்கள் அகப்பட்டார்கள். கிளினிக்கில் தரும் ரோஸ் நிறப் புத்தகத்தில் நான்கு கேள்விகள் போதும்: ஊரிலிருந்து வந்த மருந்து சாப்பிடுகிறீர்களா, மண் தின்கிறீர்களா, வீட்டில் யாராவது பேட்டரி, சாயம், ஈயம் உருக்கும் வேலை செய்கிறார்களா, பொட்டலமில்லாத மசாலாவோ பழைய உலோகப் பாத்திரமோ பயன்படுத்துகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றால் இரத்தம் எடுக்கட்டும். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், உணவில் கால்சியமும் இரும்பும் குறைவாக உள்ள கர்ப்பிணிக்கு அவற்றைத் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி.

சுகாதார அமைச்சு அந்த நான்கு கேள்விகளைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் சங்கம் அதை எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை, கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிகளே, மிஸ்ஸி கேட்காவிட்டாலும் அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது இந்த நான்கையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.